அம்சவேணியின் இருமல்

அம்சவேணிக்கு இருமல் எந்த வயதில் தொடங்கியது என்று அவள் அம்மா ரங்கம்மாளாலேயே சொல்ல முடிந்ததில்லை. கேட்கிற டாக்டரைப் பொறுத்துப் பதில் மாறும். மூன்று வயது என்பாள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த மழைக்காலம் என்பாள். மேற்கொண்டு கேட்டால், "பொறந்ததுல இருந்தே இப்படித்தானுங்க" என்று முடித்துவிடுவாள். நாற்பதைத் தொடப்போகிற ஒருத்தியின் இருமலுக்குப் பிறந்த தேதி எதற்கு என்பது போல இருக்கும் அந்தக் குரல்.

அவர்கள் சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையின் குடியிருப்பில் இருந்தவர்கள். அப்பா வெங்கடபதி ஆலையில் ஃபிட்டர். அம்மா நூற்புப் பிரிவில் வேலை. பெரியவர்கள் தங்களுக்குள் தெலுங்கு, பிள்ளைகளோடும் வாசலைத் தாண்டினாலும் கோயமுத்தூர்த் தமிழ். வெங்கடபதி ரங்கம்மாளுக்குச் சொந்தத் தாய்மாமன். அக்காள் மகளைக் கட்டிக்கொள்வது அந்தக் குடும்பத்தில் யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவல்ல. அப்படித்தான் வழக்கம், அப்படியே நடந்தது.

பள்ளிக்கூடத்தில் அம்சவேணியைக் கதவோரப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மூக்கு எப்போதும் அடைத்தே இருக்கும் என்பதால் பேச்சு மூக்கிலிருந்து வரும். அதைப் பேசிக்காட்டப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பதினான்கு வயதில் காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி இல்லை, ஆனால் நெஞ்சுப் படத்தில் நிழல் இருக்கிறது என்றார் அந்த டாக்டர். மாத்திரையால் சிறுநீர் செம்மண் தண்ணீர் போலப் போனது. ஆறு மாதம் முடிந்தது. இருமல் முடியவில்லை.

அவளுக்கு ஆறு வயது இளைய தம்பி ரவிதேஜா. அவனுக்கும் அதே இருமல், அவளைவிட மோசம். மாடிப்படி ஏறினால் உதடு நீலம் பாய்ந்துவிடும். பத்து வயதில், இரண்டாயிரமாவது ஆண்டு கார்த்திகை மழையில், நெஞ்சில் சளி கட்டி நான்கே நாளில் போய்விட்டான். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வெங்கடபதி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"உன்ற சீலையில ஒட்டிட்டு வந்த பஞ்சுதான் பையனக் கொன்னுபோட்டுது."

அதற்கு முன்போ பின்போ அவர் அதைச் சொன்னதில்லை. ஒரு தடவை சொன்னது போதுமாக இருந்தது. ரங்கம்மாள் அடுத்த மாதமே ஆலை வேலையை விட்டுவிட்டாள். வீட்டில் தலையணைகளை எல்லாம் பிரித்துப் பஞ்சை வெளியே கொட்டினாள். பிறகு பழைய துணியை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுக்கும் வழக்கம் அந்த வீட்டில் நிலைத்துவிட்டது.

அம்சவேணி பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் வைண்டிங் வேலைக்குப் போனாள். மோட்டாரின் சுழலாத பாகமான ஸ்டேட்டரின் உட்புறக் காடிகளில், அந்த நீளப் பள்ளங்களில், காகிதம் செருகி, செப்புக் கம்பிச் சுருளை ஒவ்வொரு காடியிலும் இறக்க வேண்டும். கம்பியின் மேல்பூச்சு உரியாமல் இறக்குவதுதான் அதில் வேலை. அவளுக்குக் கை நன்றாக வந்தது. மூச்சு வாங்கினாலும் உட்கார்ந்தே செய்யலாம். அந்தக் கம்பெனியிலேயே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

துடியலூர்ப் பக்கம் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்த சீனிவாசலுவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமான இரண்டாம் வருஷம் மறுபடியும் காசநோய் என்றார்கள், மறுபடியும் மாத்திரை. மாமியார் அவளுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்தாள். ஒருநாள் காலை சீனிவாசலு அந்தத் தனி டம்ளரில் காபியை ஊற்றிக் குடித்துவிட்டு, கழுவாமலே மற்றப் பாத்திரங்களோடு போட்டுவிட்டு வேலைக்குப் போனான். அவன் பொதுவாகவே பேசுகிறவன் இல்லை. மாமியார் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். அப்புறம் சாப்பிட்டாள்.

மகள் பூஜிதா பிறந்தாள். அவளுக்கு இருமல் வருகிறதா என்று அம்சவேணி முதல் மூன்று வருஷம் தூங்காமல் காது கொடுத்துக் கேட்டாள். வரவில்லை.

முப்பத்திரண்டு வயதில் வலது கெண்டைக்காலில் ஒரு சிறு தடிப்பு வந்தது. அது உடைந்து புண்ணாயிற்று. மூன்று தோல் டாக்டர்கள் மூன்று பெயர் சொன்னார்கள். கடைசியாகப் பார்த்தவர் இரத்தக்குழாய் அழற்சி என்று ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் வலி குறைந்தது. இரண்டாவது மாதம் புண் உள்ளங்கை அகலம் ஆயிற்று. இன்னொரு காலிலும் ஒன்று தொடங்கியது. முகம் உப்பி, பஸ்ஸில் எதிர்ப்பட்ட பள்ளித்தோழிக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து மருந்துச்சீட்டுகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டினாள்.

"இனி எந்த டாக்டருகிட்டயும் போகமாட்டனுங்க," என்றாள் சீனிவாசலுவிடம். "எனக்குச் சலிச்சுப்போச்சு."

"செரி," என்றான் அவன். அவனுக்கும் சலித்திருந்தது.

ஏழு வருஷம் அப்படியே போனது. இடையில் கொரோனா வந்தது. சீனிவாசலு பத்து நாள் ஆக்சிஜனில் கிடந்தான். அம்சவேணிக்கும் வந்தது. அவள் இருமலைக் கேட்டு ஆம்புலன்ஸ்காரரே பயந்துபோனார். ஆனால் மூன்று நாள் காய்ச்சலோடு அவளுக்கு விட்டுவிட்டது. நான்காம் நாள் எழுந்து சமைத்தாள். "உனக்கு வந்ததே வெறும் சளியாத்தான் இருக்கும்" என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஆடி மாதம், வைண்டிங் மேஜையில் குனிந்திருந்தபோது இருமலோடு இரத்தம் வந்தது. வெள்ளைக் காடிக் காகிதத்தின் மேல் தெறித்ததால் மறைக்க முடியவில்லை. சூப்பர்வைசர் ஜெரோம் தன் பைக்கில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் அவள், "வேண்டாங்க சார், மறுபடியும் டி.பி.ன்னுதான் சொல்லுவாங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

நெஞ்சு நோய்ப் பிரிவில் இருந்தவர் அக்ஷிதா என்ற இளம் டாக்டர். அன்று காலையிலிருந்து எண்பது பேரைப் பார்த்து முடித்திருந்தார். தலைமுடி கலைந்து கண் சிவந்திருந்தது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். மூச்சுக்குழாய்கள் பல இடங்களில் தளர்ந்து விரிந்து, சளி தேங்குகிற பைகளாகிவிட்டிருந்தன.

"இது ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல ஆனது இல்லக்கா. சின்ன வயசுலேர்ந்தே இருக்கணும். கூடப் பொறந்தவங்க யாருக்காச்சும் இப்படி?"

"ஒரு தம்பி இருந்தானுங்க. பத்து வயசுல போயிட்டான்."

"அப்பா அம்மா சொந்தத்துக்குள்ள கட்டினாங்களா?"

"அம்மாவுக்கு அப்பா தாய்மாமனுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "கொரோனா வந்துச்சா?" என்று கேட்டார். மூன்று நாளில் போய்விட்டதென்று அம்சவேணி சொன்னபோது, இப்படிப்பட்ட நுரையீரலை வைத்துக்கொண்டா என்று அவர் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. பிறகு புடவையைச் சற்று உயர்த்தச் சொல்லிக் கால் புண்ணைப் பார்த்தார். நோய் எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்க இரத்தம் வேண்டும் என்றார்.

முதல் அறிக்கையில் எல்லாம் கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தது. வெள்ளையணுக்களில் ஒரு வகை மட்டும் குறைவு. அக்ஷிதா இன்னொரு சோதனைக்கு வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார். அந்த ஆய்வகத்திலிருந்து, இரத்தம் கெட்டுப்போயிருக்கிறது, மறுபடி அனுப்புங்கள் என்று சொன்னார்கள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் கெட்டுப்போய்விட்டது என்றார்கள். மூன்றாம் முறை ஊசியோடு வந்த நர்ஸிடம் அம்சவேணி கையை நீட்டியபடி, "என்ற ரத்தம் என்ன பாலா கண்ணு, வாரதுக்குள்ள திரியறதுக்கு?" என்று கேட்டாள். நர்ஸ் சிரித்தாள். அம்சவேணி சிரிக்கவில்லை. இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு அவளுக்கு.

இரத்தம் கெடவில்லை. ஒவ்வொரு மனிதரின் உயிரணுக்கள் மேலும் நிறைய இருக்க வேண்டிய ஒரு மூலக்கூறு அவளுடைய அணுக்களின் மேல் மிகக் குறைவாகவே இருந்தது. அப்படி ஒருவர் இருக்க முடியும் என்று ஆய்வகத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அதனால் பழி இரத்தத்தின் மேல் விழுந்தது. மரபணுச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வர மூன்று மாதம் ஆயிற்று.

மார்கழியில் ஒரு பிற்பகல் சீனிவாசலுவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அக்ஷிதா இருவரையும் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

அவர் சொன்னது இதுதான். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவும் தனக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் புரதங்களில் கொஞ்சத்தை அது சிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறது. அந்தத் துண்டுக்குப் பெப்டைடு என்று பெயர். எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறு ஒன்று அந்தத் துண்டைத் தன் பள்ளத்தில் ஏந்திக்கொண்டு அணுவின் மேற்பரப்புக்கு வந்து நிற்கும். சுற்றி வருகிற வெள்ளையணுக்கள் அதைத் தொட்டுப் பார்த்து, இது நம்முடையதா, உள்ளே நுழைந்த கிருமியுடையதா என்று தெரிந்துகொள்ளும்.

"இந்த எச்.எல்.ஏ. புதுசா உருவாகறப்போ அதோட பள்ளம் காலியா இருக்கும்க்கா. காலியா இருந்தா அது நிலையா நிக்காது, உருக்குலைஞ்சு போயிரும். அதுனால அதைப் பிடிச்சு நிறுத்தறதுக்குன்னே துணைப்புரதங்கள் சிலது இருக்கு. அதுல ஒண்ணு டபாசின். அது எச்.எல்.ஏ.வைத் திறந்தபடி பிடிச்சுக்கும். ஒரு துண்டு வந்து உக்காரும். சரியாப் பொருந்தலைன்னா கழண்டுக்க விடும். அடுத்த துண்டு வரும். நல்லாப் பொருந்தினது உக்காந்த அப்புறந்தான் கையை எடுக்கும். அதுக்கப்புறந்தான் எச்.எல்.ஏ. வெளியில போக முடியும்."

அம்சவேணி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாதி புரிந்தது. "அந்த எச்.எல்.ஏ. என்ற ஒடம்புல உருவாகறதே இல்லீங்களா?"

"உருவாகுது. நிறையவே உருவாகுது. உங்களுக்கு இல்லாதது டபாசின். அதைச் செய்யற மரபணு ரெண்டு பிரதியிலயும் பழுது. அதனால துண்டு சரியா ஏறாமலே முக்கால்வாசி உள்ளேயே அழிஞ்சு போகுது."

"புடிச்சுக் குடுக்கற ஆளில்லீங்க," என்றாள் அம்சவேணி மெதுவாக. "சாமான் கெடக்குது, வேலை நடக்கலீங்க."

"ஆமாக்கா."

சீனிவாசலு முதல் தடவையாக வாயைத் திறந்தான். "அப்ப டி.பி. இல்லீங்களா?"

"நான் பார்த்த வரைக்கும் ஒரு தடவைகூட டி.பி. இருந்ததுக்கு ஆதாரம் இல்லைங்க."

சீனிவாசலு தரையைப் பார்த்தான். அம்சவேணி எண்ணிப் பார்த்தாள்: இரண்டு முறை ஆறாறு மாதம், ஒரு தட்டு, ஒரு டம்ளர், கதவோரப் பெஞ்சு. கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. உடம்பெல்லாம் கனத்தது, அவ்வளவுதான்.

அவள் நியாயமாக ஒன்று கேட்டாள். கிருமியைக் காட்டிக்கொடுக்கிறதே அவளிடம் இல்லை என்றால், கொரோனா எப்படி அவளை விட்டது? நுரையீரலும் காலும் மட்டும் ஏன் இப்படிப் போக வேண்டும்? அக்ஷிதா கைகளைக் கோத்துக்கொண்டார். வைரஸை எதிர்க்க உடம்பில் வேறு வழிகளும் இருக்கின்றன, அவை அவளுக்குக் கைகொடுத்திருக்கலாம் என்றார். எச்.எல்.ஏ. இல்லாத அணுவைப் பகையென்று நினைத்துத் தாக்குகிற ஒரு வகை வெள்ளையணு உண்டு, அதுவே அவளுடைய மூச்சுக்குழாயையும் தோலையும் தாக்குவதாகச் சிலர் கருதுகிறார்கள் என்றார். "ஆனா உறுதியாச் சொல்ல முடியாதுக்கா. உலகத்துலயே இந்தக் குறை இருக்கறவங்க நெம்பக் கொஞ்சம் பேரு. எங்களுக்கே முழுசாத் தெரியலை."

டாக்டர் ஒருவர் தெரியவில்லை என்று சொல்லி அம்சவேணி கேட்டது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு அவள் அந்த டாக்டரை நம்பினாள்.

"மருந்து இருக்குங்களா?"

டபாசினை உடம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வழி இல்லை. இருப்பதைக் காப்பாற்றலாம். வாரம் மூன்று நாள் ஒரு மாத்திரை. மூக்கை உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். தினமும் முதுகைத் தட்டிச் சளியை இறக்க வேண்டும். ஸ்டீராய்டு மட்டும் ஆகாது. புண்ணைப் பெரிதாக்கியது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வீடு திரும்பியபோது ரங்கம்மாள் கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வெங்கடபதி இறந்ததிலிருந்து அவள் மகள் வீட்டில்தான் இருந்தாள். "என்னன்னாங்க?" என்று கேட்டாள், கையை நிறுத்தாமல்.

அம்சவேணி பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த வரைக்கும் சொன்னாள். ஒவ்வொருவருக்கும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி. ஒன்று பழுதானால் ஒன்றும் ஆகாது. இரண்டும் பழுதானால்தான் இப்படி. அப்பாவும் அம்மாவும் ஒரே குடும்பம் என்பதால் ஒரே பழுது இரண்டு பேரிடமும் இருந்திருக்கிறது. அவர்களுக்கே அது தெரிந்திருக்க வழி இல்லை.

"ரவிக்கும் இதாத்தான் இருந்திருக்கும்ங்கறாங்க. இனிப் பாக்க முடியாது. ஆனா இதாத்தான் இருக்கும்."

ரங்கம்மாளின் கை நின்றது. உரித்த மொச்சை ஒன்று ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் இருந்தது. மகளோடு தமிழிலேயே பேசிப் பழகியவள், அப்போது கேட்டது தெலுங்கில்.

"பஞ்சு இல்லையா?"

"இல்லம்மா."

"என்ற சீலை இல்லையா?"

"இல்ல. நீ என்ன உடுத்தீருந்தாலும் இதேதான் ஆயிருக்கும்."

ரங்கம்மாள் அந்த மொச்சையைப் பாத்திரத்தில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதை உரிக்க வரவில்லை. "இருவத்திமூணு வருசம்," என்றாள். "அவரு சாகறப்பப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். தண்ணி கேட்டாரு, குடுத்தேன். அன்னைக்குச் சொன்னதத் திருப்பி எடுத்துக்குவாருன்னு பாத்துட்டே இருந்தேன். எடுத்துக்கல."

அழுவாள் என்று அம்சவேணி எதிர்பார்த்தாள். ரங்கம்மாள் அழவில்லை. "மாமனக் கட்டி வெச்சது நானா? எனக்குப் பதினேழு வயசு" என்றாள், யாரோ அவளைக் குற்றம் சொன்னது போல. பிறகு பாத்திரத்தை நகர்த்திவிட்டு அங்கேயே தரையில் சாய்ந்து படுத்தாள். மறுநாள் மதியம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. காய்ச்சலா என்று பூஜிதா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. தூக்கம்தான்.

தை மாதம் பூஜிதாவுக்கும் சோதித்தார்கள். ஒரு பிரதி பழுது, ஒன்று நல்லது. அவளுக்கு இந்த நோய் வராது என்றார் அக்ஷிதா. ரங்கம்மாளின் தம்பி பேரனுக்குப் பூஜிதாவைக் கொடுக்கலாம் என்று வெகுகாலமாக ஒரு பேச்சு இருந்தது. அம்சவேணி அதை எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரங்கம்மாள் ஃபோனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"உள்ளாறயே குடுத்து வாங்கற பேச்சு இனி வேண்டாம்," என்றாள். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டது. "கோவிச்சுக்கறதுன்னா கோவிச்சுக்க. ஒரு பையனக் குடுத்திருக்கறேன், போதும்." அடுத்த வருஷப் பொங்கலுக்குத் தம்பி வரவில்லை. அவன் இன்னும் பேசவில்லை.

அம்சவேணி குணமாகிவிடவில்லை. இடது கால் புண் மூடியது. வலது கால் புண் பாதி மூடி, வெயில் காலத்தில் திரும்பவும் ஈரம் கண்டது. வருஷத்துக்கு ஐந்தாறு தடவை வந்த காய்ச்சல் இரண்டு தடவையாகக் குறைந்தது. இரத்தம் அதன்பின் வரவில்லை. சுருளுக்குப் பூசுகிற வார்னிஷின் புகை ஆகாது என்று ஜெரோம் அவளை டெஸ்டிங் மேஜைக்கு மாற்றினார். மாற்றத்துக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் நோயின் பெயர் கேட்டார். அவள் சொன்னாள். அவர் இரண்டு தடவை தப்பாக எழுதி அடித்துவிட்டு, கடைசியில் "நெஞ்சுக் கோளாறு" என்று எழுதினார்.

அக்ஷிதா ஒரு மருத்துவர் கூட்டத்தில் அவளைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டார். பெயர் சொல்லமாட்டோம் என்றார்.

"சொல்லிக்கங்க டாக்டரம்மா. இன்னொருத்திக்கு ஆறு மாசம் மாத்தர மிச்சமாகும்," என்றாள் அம்சவேணி.

முதுகு தட்டுவதைச் சீனிவாசலு கற்றுக்கொண்டான். உள்ளங்கையைக் குழித்து, விலா எலும்பின் மேல், இடுப்புக்கு மேலே மட்டும் தட்ட வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் காட்டிக் கொடுத்தார். இரவு ஷிப்டு முடிந்து காலை ஆறரைக்கு அவன் வீடு வருவான். முகத்தில் மணல் கரி அப்படியே இருக்கும். அம்சவேணி கட்டிலின் குறுக்கே தலையைத் தாழ்த்திக் கவிழ்ந்து படுப்பாள். இடப்பக்கம் பத்து நிமிஷம், வலப்பக்கம் பத்து நிமிஷம்.

"வலிக்குதா அம்மணி?"

"இல்லீங்க. இன்னுங்கொஞ்சம் மேல."

ஒருநாள் தட்டல் மெதுவாகிக்கொண்டே வந்து நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்க முடியாமல் அவள் காத்திருந்தாள். சீனிவாசலு உட்கார்ந்த வாக்கிலேயே கட்டில் சட்டத்தில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான். குழித்த கை அவள் முதுகின் மேல் அப்படியே இருந்தது. நெஞ்சில் சளி இறங்கி இருமல் முட்டிக்கொண்டு வந்தது. முடிந்தவரைக்கும் அடக்கினாள். சமையற்கட்டிலிருந்து பூஜிதா, "அம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். "வாரேன் கண்ணு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, இன்னும் ஒரு நிமிஷம் அசையாமல் படுத்திருந்தாள்.